குதிரையும் கொழுந்தும்: பந்தயக் கணக்கின் இரு அளவைகள்

நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் 1875-இல் அமைந்தது. சித்திரை வசந்தகாலத்தில் ஆளுநர் கிண்ணத்துக்கான ஓட்டம் அங்கே நடக்கும்போது நகரமே அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். ஓட்டம் முடிந்தபின் பந்தயம் கட்டியவரின் கணக்கில் இரண்டே வகை உண்டு. அவருடைய குதிரை வென்றது, அல்லது வெல்லவில்லை.

அதே மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மடுவங்களில் இன்னொரு கணக்கு நாள்தோறும் முடிகிறது. காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்திலிருந்து மலைக்குப் போன பெண், மாலையில் கொழுந்தைத் தராசில் வைக்கிறாள். நிர்ணயித்த கிலோ வந்திருந்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும். குறைந்திருந்தால் பல தோட்டங்களில் அரைப் பேர்தான். இங்கே விடை மூன்று வகை: வேலை செய்தாள், செய்யவில்லை, பாதி செய்தாள்.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் பின்னால் இரண்டு அளவையியல்கள் இருக்கின்றன. குதிரைத் திடலில் நடப்பது இருபெறுமான அளவையியல். எந்த எடுப்பும், அதாவது எந்தக் கூற்றும், உண்மை அல்லது பொய். மடுவத்தில் நடப்பது பல்பெறுமான அளவையியல்; ஓர் எடுப்பு பாதி உண்மையாகவும் இருக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு உண்மையாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் மூன்று கேள்விகளை வைத்து ஒப்பிடலாம். எந்த விலையில் பந்தயம் கட்டுவது புத்திசாலித்தனம்? அந்த விலையில் உள்ள எண் எதைக் குறிக்கிறது? விலைகள் சரியா என்று பார்க்க எவ்வளவு கணக்கு வேலை ஆகும்? முதலாவதிலும் மூன்றாவதிலும் இரண்டு அளவையியல்களும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. வேறுபாடு இரண்டாவதில் இருக்கிறது. மக்கள் எதிர்பார்ப்பதோ நேர்மாறு: பாதி உண்மை என்ற ஒன்று உள்ளே வந்தால் கணக்கு கைமீறிப் போய்விடும் என்பதே பொதுவான எண்ணம்.

திடலின் கணக்கு

மூன்று குதிரைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். குதிரை வென்றால் 100 ரூபா தரும் சீட்டு ஒவ்வொன்றுக்கும் உண்டு. முதல் குதிரையின் சீட்டு 50 ரூபா, இரண்டாவது 30, மூன்றாவது 30. மூன்றையும் கூட்டினால் 110. ஏதோ ஒரு குதிரை வென்றே தீரும். ஆகவே மூன்று சீட்டையும் விற்றவருக்கு எது வென்றாலும் 10 ரூபா மிச்சம். விலைகளின் கூட்டுத்தொகை 90 என்றால், மூன்றையும் வாங்கியவருக்கு 10 ரூபா நிச்சய இலாபம்.

இந்த எளிய கணக்கிலிருந்து நிகழ்தகவின் அடித்தளத்தையே கட்டலாம் என்று கண்டவர்கள் இருவர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க் ராம்சே 1926-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தொட்டார். இத்தாலியரான புரூனோ டி ஃபினெட்டி 1931-இலும் 1937-இலும் இதை முழுமைப்படுத்தினார். டி ஃபினெட்டியின் நிபந்தனை கடுமையானது. பந்தயக்காரர் விலையை மட்டுமே சொல்லலாம். அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா, எத்தனை சீட்டு என்பதெல்லாம் எதிராளியின் விருப்பம். எது நடந்தாலும் பந்தயக்காரருக்கு நட்டம் நிச்சயம் என்றாகும்படி எதிராளி சீட்டுகளைத் தெரிந்தெடுக்க முடிந்தால், அந்த விலைகள் முரணானவை. அப்படி எவராலும் முடியாதென்றால் அவை முரணற்றவை. விலைகள் முரணற்றிருக்க வேண்டுமானால் அவை நிகழ்தகவு விதிகளுக்கு அடங்கியே ஆகவேண்டும் என்பதும், அடங்கினால் அதுவே போதும் என்பதும் அவருடைய தேற்றம்.

நடைமுறையில் பந்தயம் பிடிக்கும் புக்கிகள் அப்படி நடப்பதில்லை. அவர்கள் சீட்டை விற்பார்கள். அதே விலைக்குத் திரும்ப வாங்கமாட்டார்கள். மேலே கண்ட 110-இல் உள்ள 10 அவர்களின் பங்கு. டி ஃபினெட்டியின் பந்தயக்காரர் இலாபம் தேடாத, தன் நம்பிக்கையை நேர்மையாக எண்ணில் சொல்கிற ஒரு கற்பனை மனிதர். அவரை வைத்துச் சோதிப்பது விலையை மட்டுமே. அவருடைய வியாபாரத்தை அல்ல.

மடுவத்தின் கணக்கு

போலந்து நாட்டு அளவையியலாளர் யான் லுக்காசியேவிச் 1920-இல் மூன்று பெறுமானங்கள் கொண்ட அளவையியலை முன்வைத்தார்: 0, ½, 1. பத்தாண்டுகளுக்குப் பின் அல்ஃபிரட் தார்ஸ்கியுடன் சேர்ந்து 0-க்கும் 1-க்கும் இடையே உள்ள எல்லா எண்களையும் பெறுமானமாக ஏற்கும் வடிவத்தை வெளியிட்டார். செக்ரோலின் பேர்க் கணக்கு முதல் வடிவத்துக்குக் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் அது இரண்டாவது வடிவம். 18 கிலோ நிர்ணயம் என்றால் 12 கிலோ பறித்தவளின் பெறுமானம் மூன்றில் இரண்டு.

லுக்காசியேவிச்சின் விதிகள் சுருக்கமானவை. ஓர் எடுப்பின் பெறுமானம் x என்றால் அதன் மறுப்பின் பெறுமானம் 1−x. x, y என்ற இரண்டு எடுப்புகளை 'உம்' போட்டு வலுவாக இணைத்தால் கிடைப்பது x+y−1. அது 0-க்குக் கீழே போனால் 0. இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. இருபெறுமான அளவையியலில் ஒரே எடுப்பை இரண்டு தடவை சொன்னாலும் பொருள் மாறாது. இங்கே மாறும். 'பேர் விழுந்தது' என்ற எடுப்பை அதனுடனேயே வலுவாக இணைத்தால், முழுப் பேருக்கு 1, அரைப் பேருக்கு 0, பேரே இல்லாவிட்டால் 0. அதாவது 'முழுப் பேர் விழுந்தது' என்ற புதிய எடுப்பே கிடைத்துவிடுகிறது. மூன்று பெறுமான அளவையியல், செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளைக்கு வேண்டிய வேறுபாடுகளைத் தன் இணைப்புகளாலேயே சொல்லிவிடக்கூடியது.

உண்மை, பொய் என்ற இரண்டுக்கு வெளியே சிந்தித்தது ஐரோப்பா மட்டுமல்ல. மலைநாட்டின் பேராதனையில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க, ஆதி பௌத்தத்தின் அறிவுக்கொள்கையை 1963-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். உண்டு, இல்லை, இரண்டும், இரண்டுமன்று என்ற நான்கு கோடிகளும் அந்த ஆய்வில் இடம்பெற்றன. இந்தியப் புள்ளியியலின் முன்னோடி பி. சி. மகலனோபிஸ், சமணரின் ஏழுவகைக் கூற்றையும் நிகழ்தகவையும் இணைத்து 1954-இல் கட்டுரை எழுதினார். ஆனால் இவை எடுப்புகளை வகைப்படுத்தின. வகைகளுக்கு விலை போட்டுப் பந்தயம் கட்டும் கணக்கை உருவாக்கவில்லை. அந்த வேலைக்கு அளவு வேண்டும். அதை லுக்காசியேவிச்சின் வழி தருகிறது.

இரண்டு வகை அரை

இப்போது ஒப்பீட்டின் கடினமான இடத்துக்கு வருவோம். குதிரை வெல்வதற்கான நிகழ்தகவு ½ என்கிறோம். கொழுந்துக்கு ½ பேர் என்கிறோம். எண் ஒன்றே, பொருள் வேறு.

குதிரையின் அரை நம் அறியாமையிலிருந்து வருகிறது. ஓட்டம் முடிந்ததும் அது மறைந்து 1 அல்லது 0 ஆகிவிடும். கொழுந்தின் அரை அளந்தறிந்த ஒன்று. தராசில் வைத்து, செக்ரோலில் எழுதி, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தாலும் அது அரையாகவே இருக்கும். காலையில் அந்தப் பெண்ணின் முன்னே இருப்பவை இரண்டு அடுக்கு: மாலையில் முழுப் பேரா, அரைப் பேரா, பேரே இல்லையா என்பது சந்தேகம், அரைப் பேர் விழுந்தால் அந்த அரை சந்தேகமல்ல.

வேடிக்கை என்னவென்றால், லுக்காசியேவிச் தம் மூன்றாவது பெறுமானத்தைக் கண்டது முதல் வகைக் கேள்வியிலிருந்துதான். நாளை கடற்போர் நடக்குமா என்ற அரிஸ்டாட்டிலின் பழைய சிக்கலை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் முடிவாகாத நாளைய நிகழ்ச்சிக்கு ½ கொடுத்தார். இன்று திரும்பிப் பார்த்தால் அந்தப் பொருத்தம் சரியில்லை. நாளைய நிகழ்ச்சிக்கு ஏற்றது நிகழ்தகவு. பல்பெறுமான அளவையியலின் உண்மையான இருப்பிடம் அளந்து சொல்லக்கூடிய படித்தரங்கள்.

வேறுபாட்டைக் கணக்கிலும் காட்டலாம். பல்பெறுமான அளவையியலில் இரண்டு எடுப்புகளின் பெறுமானம் தெரிந்தால் அவற்றின் இணைப்பின் பெறுமானமும் தெரிந்துவிடும். இரண்டும் 0.6 என்றால் வலுவான இணைப்பு 0.2 தான், வேறு விடை இல்லை. நிகழ்தகவில் அப்படி இல்லை. இரண்டு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவும் 0.6 என்றால், இரண்டும் சேர்ந்து நடப்பதற்கான நிகழ்தகவு 0.2-இலிருந்து 0.6 வரை எங்கும் இருக்கலாம். அவை ஒன்றையொன்று எப்படித் தொடர்கின்றன என்பதைப் பொறுத்தது அது. மழை பெய்வதும் கொழுந்து குறைவதும் கைகோத்து வரலாம். வெவ்வேறு நாட்டில் ஓடும் இரண்டு குதிரைகளுக்குத் தொடர்பே இல்லாதிருக்கலாம். நிகழ்தகவைப் பல்பெறுமான உண்மை என்று எண்ணிக் கூட்டிக் கழிப்பவர் இந்த இடத்தில் தவறு செய்வார்.

குதிரைத் திடலையும் முழுக்க இருபெறுமானம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு குதிரைகள் ஒரே கணத்தில் கோட்டைத் தொட்டால், பந்தயப் பணத்தின் பாதி மட்டும் வென்றதாகவும் மறுபாதி தோற்றதாகவும் கணக்கு முடிப்பார்கள். 100 ரூபாச் சீட்டுக்கு 50 ரூபா. அதுவும் ஓர் அரைப் பேர்தான். இந்த அரை வந்தாலும் பழைய விதி குலையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு சீட்டுகள் 50, 50 என்று கொடுக்கின்றன. கூட்டுத்தொகை இன்னும் 100. மூன்று குதிரைகளின் விலைகளும் கூடி 100 ஆகவேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது.

ஒரே பொறி

சமநிலையில் முடிந்த ஓட்டம் காட்டியது தற்செயலா, பொதுவிதியா? சோதித்துப் பார்ப்போம்.

முதலில் திடலில். வெவ்வேறு ஓட்டங்களில் ஓடும் இரண்டு குதிரைகள். ஒவ்வொன்றும் வெல்வதற்கான சீட்டு 60 ரூபா. இரண்டும் வென்றால் 100 தரும் 'டபிள்' சீட்டை ஒருவர் 10 ரூபா என்று சொல்கிறார். எதிராளி என்ன செய்வார்? தனிச்சீட்டு இரண்டையும் அவரிடம் விற்று 120 வாங்குவார். 10 கொடுத்து டபிள் சீட்டை வாங்குவார். கையில் 110. இரண்டு குதிரையும் வென்றால் 200 கொடுத்து 100 பெறுவார், மிச்சம் 10. ஒன்று வென்றால் 100 கொடுப்பார்; மிச்சம் 10. இரண்டும் தோற்றால் 110-உம் அவருக்கே. எது நடந்தாலும் விலை சொன்னவருக்கு நட்டம்.

இனி மடுவத்தில். ஒரு பெண்ணின் நாளைய பேருக்குச் சீட்டு: முழுப் பேர் விழுந்தால் 100, அரைப் பேருக்கு 50, பேரில்லை என்றால் ஒன்றுமில்லை. விலை 60. 'முழுப் பேர்' சீட்டு, அதாவது மேலே சொன்ன வலுவான இணைப்பு, 10 ரூபா. எதிராளி பேர்ச் சீட்டு இரண்டை விற்று 120 வாங்குகிறார். முழுப் பேர்ச் சீட்டு ஒன்றை 10-க்கு வாங்குகிறார். கையில் 110. முழுப் பேர் விழுந்தால் 200 கொடுத்து 100 பெறுவார், மிச்சம் 10. அரைப் பேர் விழுந்தால் இரண்டு சீட்டுக்கும் சேர்த்து 100 கொடுப்பார், மிச்சம் 10. பேரே விழாவிட்டால் 110.

ரூபாவுக்கு ரூபா அதே கணக்கு. ஆனால் முழுப் பேர்ச் சீட்டின் விலையை 30 என்று வைத்தால் நிலைமை மாறுகிறது. இருபெறுமான அளவையியல் இதை முரண் என்று சொல்லும். அங்கே இரண்டு சீட்டும் ஒன்றே, இரண்டுக்கும் 60 தான் வேண்டும். பல்பெறுமான அளவையியல் ஏற்றுக்கொள்ளும். பத்தில் மூன்று நாள் முழுப் பேர், ஆறு நாள் அரைப் பேர், ஒரு நாள் பேரில்லை என்று எண்ணுபவரின் விலைகள் சரியாக இவையே: 30-உம் அதனுடன் அரைப் பேர்களின் 30-உம் சேர்ந்து 60. முரணற்ற விலைகளின் பரப்பு விரிந்திருக்கிறது. முரணைப் பிடிக்கும் பொறி மட்டும் மாறவில்லை.

இது பொதுவிதிதான் என்று இத்தாலியக் கணிதர் டானியேலே முண்டிசி காட்டினார். 1995-இல் அவர் லுக்காசியேவிச் அளவையியலில் உண்மைப் பெறுமானத்தின் சராசரி என்ற கருத்தை அறிமுகப்படுத்தினார். 2006-இல் முடிவிலிப் பெறுமானம் கொண்ட நிகழ்ச்சிகள்மீது பந்தயம் கட்டுவதற்கு டி ஃபினெட்டியின் அளவுகோலை நீட்டினார். 2007-இல் யான் கூருடன் சேர்ந்து அதை இன்னும் பரந்த அளவையியல் குடும்பத்துக்கு விரித்தார். சாரம் இதுதான்: நிச்சய நட்டத்துக்கு இடம் தராத விலை என்பது, நிகழக்கூடிய ஒவ்வொரு நிலையிலும் கிடைக்கும் பெறுமானத்தை அந்த நிலையின் நிகழ்தகவால் நிறைப்படுத்தி எடுத்த சராசரி. இரண்டு வகை அரைகளும் அங்கே தத்தம் இடத்தில் அமர்கின்றன. படித்தரம் சீட்டின் கொடுப்பனவுக்குள் இருக்கிறது. சந்தேகம் சராசரி எடுக்கும் நிறையில் இருக்கிறது.

சரிபார்க்கும் உழைப்பு

மூன்றே குதிரையும் மூன்றே சீட்டும் என்றால் கூட்டிப் பார்த்தால் போதும். சீட்டுகள் ஒன்றோடொன்று பின்னும்போதுதான் தொல்லை. 'முதல் குதிரை நான்காவதற்கு முன்னே வரும்', 'ஐந்தாவது முதல் மூன்றுக்குள் வரும்' என்று பந்தயங்கள் பெருகினால், முடியக்கூடிய எல்லா வரிசைகளையும் பார்க்க வேண்டும். 12 குதிரைகள் ஓடினால் வரிசைகள் 47,90,01,600. மடுவத்தில் 30 பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு, ஒவ்வொருவருக்கும் முழுப் பேர் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தாலே நிலைகள் 100 கோடியைத் தாண்டும். அரைப் பேரையும் சேர்த்தால் 2 கோடி கோடியைத் தாண்டும். கிலோவைப் பின்னமாக அப்படியே எடுத்தால் நிலைகளுக்குக் கணக்கே இல்லை.

எடுப்புகளின் நிகழ்தகவுகளைக் கொடுத்துவிட்டு அவை ஒத்துப்போகுமா என்று கேட்பது பழைய கேள்வி. ஜார்ஜ் பூல் 1854-இலேயே இதைக் கேட்டார். கணினியியல் இதன் கடினத்தை அளந்தது 1988-இல். ஜார்ஜகோபுலஸ், கவ்வாடியாஸ், பாப்பாடிமிட்ரியூ ஆகிய மூவர் இது என்.பி.-முழுமை கொண்ட சிக்கல் என்று நிறுவினர். ஸ்டீஃபன் குக் 1971-இல் அடையாளம் காட்டிய வகை இது. இந்த வகைச் சிக்கலுக்கு விடையை யாராவது கொடுத்தால் சரிதானா என்று விரைவாகப் பார்த்துவிடலாம். விடையை நாமே தேடுவதற்கு, எல்லாச் சந்தர்ப்பத்திலும் விரைவாக ஓடும் வழி இதுவரை எவருக்கும் தெரியாது. அப்படி ஒரு வழி உண்டா என்பதற்கு 2000-ஆம் ஆண்டு முதல் பத்து இலட்சம் டொலர் பரிசு காத்திருக்கிறது.

விலைகள் முரணற்றவை என்றால் அதற்குச் சான்று எப்படிச் சிறியதாக இருக்க முடியும்? நிலைகள் கோடிக்கணக்கில் இருந்தாலும், n சீட்டுகளின் விலைகளை நியாயப்படுத்த n+1 நிலைகளுக்கு மட்டும் நிறை கொடுத்தால் போதும். கராத்தியோடரியின் தேற்றம் தரும் முடிவு இது. பத்துச் சீட்டு என்றால் பதினொரு நிலைகளின் பட்டியலே சான்று. அதைக் கூட்டிப் பார்ப்பது கணக்கப்பிள்ளையின் ஒரு மாலை வேலை.

பல்பெறுமானத்தில் நிலைகள் முடிவிலி. சான்றும் முடிவிலி ஆகிவிடாதா? ஆகவில்லை. ரொபர்ட் மக்நோட்டன் 1951-இல் காட்டியபடி, லுக்காசியேவிச் அளவையியலின் எந்த எடுப்பும் நேர்கோட்டுத் துண்டுகளை ஒட்டிய தொடர்ச்சியான சார்பு. துண்டுகளின் கெழுக்கள் முழு எண்கள். ஆகவே முடிவிலி நிலைகளில் உண்மையில் பார்க்கவேண்டியவை துண்டுகள் சந்திக்கும் மூலைகள் மட்டுமே. அந்த மூலைகளின் எண்கள் எளிய பின்னங்கள். அவற்றை எழுத அதிக இடம் தேவையில்லை. முண்டிசி 1987-இலேயே, ஓர் எடுப்பு எங்காவது உண்மையாகுமா என்ற கேள்வி இந்த அளவையியலிலும் என்.பி.-முழுமைதான் என்று நிறுவியிருந்தார். சிமோனே போவாவும் டொம்மாசோ ஃபிளமினியோவும் 2010-இல் விலைகளின் கேள்வியை முடித்துவைத்தனர். லுக்காசியேவிச் எடுப்புகளின் பந்தய விலைகள் முரணற்றவையா என்று பார்ப்பதும் என்.பி.-முழுமை. இருபெறுமானத்தில் உள்ள அதே வகை. ஒரு படி மேலே கூட இல்லை.

அப்படியானால் கடினம் எங்கிருந்து வருகிறது? 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விடை இருக்கிறது. 'இது அல்லது அது' என்று இரண்டே துண்டுகள் கொண்ட எடுப்புகள் எல்லாம் ஒருசேர உண்மையாக முடியுமா என்று பார்ப்பது எளிது; அதற்கு விரைவான வழி உண்டு. அதே இரண்டு துண்டு எடுப்புகளுக்கு நிகழ்தகவு எண்களைக் கொடுத்துவிட்டால் கேள்வி என்.பி.-முழுமை ஆகிவிடுகிறது. உண்மையிலிருந்து விலைக்குப் போகும் இடத்தில் கடினம் ஏறுகிறது. உண்மையிலிருந்து பாதி உண்மைக்குப் போகும் இடத்தில் ஏறவில்லை. கணக்கைச் சிக்கலாக்குவது அரைப் பேர் அல்ல. எண்ணும் இணைப்பும் ஒன்றாகப் பின்னுவதுதான்.

ஒரு திருத்தமும் தேவை. என்.பி.-முழுமை என்பது மிக மோசமான சந்தர்ப்பத்தைப் பற்றிய கூற்று. ஒரு தோட்டத்தின் அல்லது ஒரு புக்கியின் அன்றாடச் சீட்டுகள் அவ்வளவு பின்னியிருப்பதில்லை. சாதாரண நேரியல் நிரலாக்க மென்பொருளே பெரும்பாலானவற்றை முடித்துவிடும்.

அளவையியல் சொல்லாத படி

ஒப்பீட்டில் எஞ்சியிருப்பது ஒரு முக்கியமான வேறுபாடு. அது மூன்று பெறுமானத்துக்கும் முடிவிலிப் பெறுமானத்துக்கும் இடையே உள்ளது. தோட்டத்தில் உள்ளவர்களுக்கு அதுவே காசு விடயம்.

2024-இல் சம்பளச் சபையின் வழியாக அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. நிர்ணயம் 18 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் ஒரு கிலோவின் பங்கு 75 ரூபா. 17 கிலோ பறித்தவளுக்குக் கிலோக் கணக்கில் 1,275 ரூபா வரவேண்டும். அரைப் பேர் விதியின்படி 675 ரூபா. பதினெட்டாவது கிலோ ஒன்றின் பெறுமதி மட்டும் 675 ரூபா ஆகிவிடுகிறது. தராசில் தண்ணீருக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில் மடுவத்தில் இவ்வளவு வாக்குவாதம் எழுவதற்குக் காரணம் இந்தப் படிதான். ஒரு கிலோ இப்படியோ அப்படியோ போனால் அரை நாள் சம்பளம் போகிறது.

மறுபக்கமும் உண்டு. 5 கிலோ மட்டும் கிடைத்த நாளில் கிலோக் கணக்கு 375 ரூபா தரும். அரைப் பேர் 675 தரும். 9 கிலோவுக்குக் கீழே படி தொழிலாளியைக் காக்கிறது; 9-க்கும் 18-க்கும் இடையே அவளிடமிருந்து எடுக்கிறது.

இந்தப் படியைச் சொல்ல மூன்று பெறுமான அளவையியலால் முடியும் என்று முன்பே கண்டோம். தொடர்ச்சியான பெறுமானம் கொண்ட அளவையியலால் முடியாது. மக்நோட்டனின் தேற்றப்படி அதன் எடுப்புகள் எல்லாம் தொடர்ச்சியானவை, 17.9-க்கு ஒரு விடையும் 18-க்கு அதிலிருந்து எகிறிய வேறொரு விடையும் தரும் எடுப்பு அங்கே கிடையாது. அதைச் சொல்ல வேண்டுமானால், முழு உண்மையை மட்டும் 1 என்று ஏற்று மற்றதையெல்லாம் 0 ஆக்கும் தனிக் குறி ஒன்றை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். மத்தியாஸ் பாட்ஸ் 1996-இல் ஆராய்ந்த டெல்டாக் குறி அத்தகையது. தராசு தருவது தொடர்ச்சியான எண். அதில் படியை வெட்டுவது யாரோ எடுத்த முடிவு.

சம்பளப் பேச்சின் வரலாற்றையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். 2016-ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அதில் 500 அடிப்படை, 30 விலைப் பங்கு. வருகைக்கான 60-உம் உற்பத்தித்திறனுக்கான 140-உம் நிபந்தனையோடு வந்தவை. நான்கையும் 'உம்' போட்டு இணைத்தால்தான் 730. ஒன்று தவறினாலும் தொகை இறங்கும். 2019-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நிபந்தனைக் கொடுப்பனவுகள் இரண்டும் போய், 700 அடிப்படையும் 50 விலைப் பங்கும் வந்தன. கூட்டுத்தொகை 20 ரூபாதான் உயர்ந்தது. படிகளோ இரண்டு குறைந்தன. ஒரு தொழிலாளியின் மாத வருமானத்தின் சராசரியைப் பொறுத்தவரை இரண்டாவதே பெரிய மாற்றம். 2021-இல் சம்பளச் சபை 1,000 ரூபாவை நிர்ணயித்தபின், சர்ச்சை மறுபடியும் கிலோ எவ்வளவு என்ற இடத்துக்கே திரும்பியது. படியின் உயரம் சட்டத்தில் கூடியபோது, படி வெட்டும் இடம் தோட்டத்தில் நகர்ந்தது.

தீர்ப்பு

மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லலாம். எந்த விலை புத்திசாலித்தனம் என்பதில் குதிரையும் கொழுந்தும் ஒரே விதிக்கு அடங்குகின்றன: நிச்சய நட்டத்துக்கு இடம் தராதே. சரிபார்க்கும் உழைப்பில் இரண்டும் ஒரே வகுப்பு. எண்ணின் பொருளில் மட்டும் வேறுபாடு: திடலின் அரை ஓட்டம் முடிந்தால் கலைந்துவிடும், மடுவத்தின் அரை மாதச் சம்பளத்தில் நிலைத்து நிற்கும்.

ஆகவே அரைப் பேரா, கிலோக் கணக்கா என்ற விவாதத்தில் கணிதத்தைச் சாட்சிக்கு அழைக்க எந்தத் தரப்பாலும் முடியாது. படித்தரமாகக் கணக்கிடுவது சிக்கல் என்பது பொய். படித்தரமே நீதி என்பதும் பொய். கிலோவுக்கு மட்டும் கூலி என்றால், வறட்சியின் நட்டமும் கவாத்து வெட்டிய மலையின் நட்டமும் முழுக்கக் கொழுந்து பறிப்பவளின் தலையில் விழும். உற்பத்தி அடிப்படையிலான ஊதியத்தைக் கம்பனிகள் வலியுறுத்தும்போது தொழிற்சங்கங்கள் தயங்குவது இதனால்தான். கேள்வி கணக்கின் கடினத்தைப் பற்றியது அல்ல. கெட்ட நாளின் நட்டத்தை யார் ஏற்பது என்பதைப் பற்றியது.

அதைப் பேச்சுவார்த்தையில்தான் தீர்க்க வேண்டும். அங்கே போகும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நாட்சம்பளம் எத்தனை ரூபா என்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை கிலோவில் பேர் அரையாகிறது, கழிவு எவ்வளவு, கொழுந்து இல்லாத மாதத்தில் அந்தக் கிலோ எவ்வளவு குறையும் என்பவற்றையும் ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதி வாங்குங்கள்.